ஒன்பதாவது மாதிரி

பெர்கனுக்கு வடக்கே
இரண்டு படகு மாறிப் போகிற ஊர்.
மீன் வாடை முடிகிற இடத்தில்
மரத்தூள் வாசம் தொடங்கும்.
அங்கே நாற்காலித் தொழிற்சாலையில்
எனக்கு உட்காராத வேலை:
உட்கார வருகிறவர்களிடம் படிவம் நீட்டுவது,
பென்சில் சீவித் தருவது.

ஒன்பதாவது மாதிரியை
ஐலெர்ட் தானே தூக்கிக்கொண்டு வந்தார்,
கல்யாணக் கேக்கோடு படியிறங்குபவரைப்போல.
போர்த்தியிருந்த துணியை விலக்கினார்.
காப்பி இயந்திரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

எப்படிச் சொல்ல.
ஒற்றை ஆஷ் மரப் பட்டை
ஆவியில் வெந்து, இளகி,
பின்காலாக எழுந்து, தோளாகத் திரும்பி,
மறுபக்கம் காலாகவே இறங்குகிறது.
இணைப்பு எங்கே என்று விரலால் தேடினேன்.
விரல் வழுக்கிக்கொண்டே போய்
மறுபக்கத் தரையைத் தொட்டது.
இருக்கையில் சாம்பல் நிறக் கம்பளி.
அதன் அடிவிளிம்பில் ஒரே ஒரு இழை சிவப்பு;
குனிந்தால்தான் தெரியும்.
யாரும் குனியாவிட்டாலும் இருக்கும்.
தூக்கிப் பார்த்தேன்.
மூன்று கிலோ இருநூறு.
என் மகள் பிறந்தபோது இருந்த எடை.

அன்று ஐந்து பேர் வந்தார்கள்.
சால்மன் பண்ணை டாக்ஃபின்,
நூற்றுப் பதினெட்டுக் கிலோ,
உட்காருமுன் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்டார்.
அது முனகக்கூட இல்லை.
ஏழு மாத வயிற்றோடு போர்கில்ட்
படிவத்தில் எழுதினாள்:
'இருவர் உட்கார்ந்தோம். ஒருவர் உதைக்கிறார்.'
கால்களை எங்கே வைப்பதென்று தெரியாத வயதில்
பள்ளிக்கூடத்துப் பையன்கள் இருவர்;
வைக்க ஓர் இடம் கிடைத்த முகத்தோடு போனார்கள்.
எல்லாரும் பத்துக்குப் பத்து.

கடைசியாக குட்வேக்.
பேருந்து ஓட்டுநர்,
உட்கார்வதில் முப்பது வருட அனுபவம்.
வெளியே நவம்பர், பக்கவாட்டில் பெய்கிற மழை.
சொட்டச் சொட்ட மழைக்கோட்டைக் கழற்றி
நாற்காலித் தோளில் போட்டார்.
வழுக்கி விழுந்தது.
எடுத்துப் போட்டார்.
விழுந்தது.
மூன்றாம் முறை, பூனையைப் படுக்கவைப்பதுபோல் போட்டுவிட்டு
இரண்டடி தள்ளி நின்று பார்த்தார்.
முதலில் ஒரு கை இறங்கியது,
அப்புறம் மற்றக் கை,
அப்புறம் மொத்தமும்.

முதுகு: பத்து. தொடை: பத்து. அழகு: பத்து.
கேள்வியே இல்லாத ஓரத்தில்
சாய்ந்த எழுத்தில் ஒரு வரி:
'கோட்டு நிற்கவில்லை.'

ஐலெர்ட் படித்தார்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.
"இது கோட்டு மாட்டும் ஆணி இல்லை, குட்வேக்."
"இந்த ஊரில் எல்லா நாற்காலியும் அதுதான்."
அவருக்கு நாலு மணிப் பேருந்து எடுக்க வேண்டியிருந்தது.
போய்விட்டார்.

மூன்று வாரம் பட்டறையில் விளக்கு அணையவில்லை.
எட்டு மாதம் தீட்டிய கோட்டில் கை வைப்பது
எவ்வளவு எரிச்சல் என்பதை
அவர் கதவைச் சாத்துகிற சத்தத்தில் கேட்டேன்.
ஒருநாள் காலை, பத்தாவது மாதிரி.
தோளின் இரு முனையிலும்
கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மேடு,
மரத்துக்கே லேசாகச் சிலிர்த்ததுபோல.
என் ஈரக்கோட்டைப் போட்டுப் பார்த்தேன்.
நின்றது.
சொல்லவே வெட்கமாக இருக்கிறது,
முன்னைவிட அழகாகவும் இருந்தது.

வசந்தத்தில் ஆஸ்லோ கண்காட்சி.
வெள்ளை மேடை, சுற்றிலும் கயிறு, தொடாதீர்கள்.
நடுவர் குறிப்பு அந்த மேட்டை
'உறையும் கணத்தில் ஒரு வடகடல் அலை' என்றது.
ஒருவர் கையேட்டின் பின்பக்கத்தில்
அதை மட்டும் வரைந்துகொண்டிருந்தார்.
கருப்புச் சட்டைக்காரர்கள் தலையை ஒரு பக்கம் சாய்த்து
படமெடுத்து நகர்ந்தார்கள்.
எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.
ஐலெர்ட் என் காலை மிதித்தார்.

குட்வேக்கும் வந்திருந்தார்.
ஆஸ்லோவிலும் மழை.
கோட்டு வைக்கிற இடத்தில் காசு கேட்டார்களாம்,
கையிலேயே மடித்து வைத்திருந்தார்.
மேட்டை அவர் பார்க்கவே இல்லை.
கயிற்றுக்கு வெளியே
முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து,
இன்னும் குனிந்து,
"ஐலெர்ட், இந்தச் சிவப்பு நூல்
அன்றைக்கே இருந்ததா?" என்றார்.

ஐலெர்ட் தலையசைத்தார்.
அந்த ஈரக்கோட்டை வாங்கி
தன் கையில் போட்டுக்கொண்டு நின்றார்,
அவர் நிமிர்கிறவரை.